நீதிபதியிடம் என்ன சொன்னீங்க, மாமி?

என்னைத் திட்டாமல் ஒரு நாளும் எனக்குச் சோறு போட்டிராத என் அன்பு மாமிக்கு, சாந்தாமணி எழுதுகிறேன்.

உங்க மகன் கோடாலியை ஓங்கினது என் தலைக்கு. விழுந்தது உங்க தலையில். மூணு வருஷமாக இந்த ரெண்டு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதிவிடலாம்.

நாம ரெண்டு பேரும் ஒண்ணும் கொஞ்சிக் குலாவிய மாமியார் மருமகள் இல்லை. கோத்தகிரி பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண் நான். கண்டியிலிருந்து கப்பலில் வந்த வேதக்காரக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கிட்டதால் எங்கப்பா என்னைத் தலை முழுகிவிட்டார். "அத்தை"ன்னு கூப்பிட்டேன். "மாமின்னு கூப்பிடு, இது எங்க வீடு"ன்னு முதல் நாளே சொன்னீங்க. நான் விபூதி வைத்தால் முறைப்பீங்க. நீங்க சத்தம் போட்டு ஜெபம் பண்ணினால் நான் பாத்திரத்தை உருட்டுவேன்.

அதெல்லாம் சின்னச் சண்டை. பச்சைத் தேயிலை விலை விழுந்து, எஸ்டேட்காரர்கள் ஃபேக்டரியைப் பூட்டிக்கொண்டு மலையை விட்டுக் கீழே போனதும்தான் நம்ம வீட்டில் ரத்தம் பார்க்க ஆரம்பித்தோம். உங்க மகன் ஜெபராஜ் அங்கே தேயிலை காயவைக்கிற டிரையரில் நின்ற ஆள். வேலை போனதும் முதலில் பேச்சு போனது. அப்புறம் குடி வந்தது. அப்புறம் கை வந்தது. பெல்ட்டால் அடித்தான். கொதிக்கிற சுடுதண்ணியை என் கால் பக்கம் கொட்டினான். ஒரு நாள் முன்பல்லை உடைத்தான்.

அன்றைக்கு நீங்க மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து என் வாயில் வைத்தீங்க. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆம்பளைக்கு வேல இல்லேன்னா பைத்தியம் பிடிக்கும் புள்ள. நீ வாயை மூடிக்கிட்டு இரு"ன்னீங்க. வாய் முழுக்க ரத்தத்தோடு நான் எப்படி வாயைத் திறப்பேன் மாமி?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் பையைக் கட்டினேன். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பாதி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயாச்சு, நானும் பாப்பா கிருபாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு உங்களிடம் சொன்னேன். நீங்க உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தீங்க. அவன் உள்ளே வந்தான். பையைப் பார்த்தான். திரும்பிப் போய் வாசலில் விறகுக் குவியலில் கிடந்த கோடாலியை எடுத்துக்கொண்டு வந்தான்.

நான் கிருபாவைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "டேய் ராசா, வேணாண்டா"ன்னு உங்க குரல் கேட்டது. அப்புறம் ஒரு சத்தம். பச்சை மரத்தை உடைக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் நீங்க என் முதுகின்மேல் சாய்ந்திருந்தீங்க. என் கழுத்து வழியாக உங்க ரத்தம் சூடாக இறங்கியது. உரித்த கிழங்கெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. கோடாலியைத் திருப்பிப் பிடித்திருந்ததால் அதன் பின்பக்கம்தான் பட்டதுன்னு டாக்டர் பிறகு சொன்னார். இல்லையென்றால் அங்கேயே முடிந்திருக்குமாம்.

அவன் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினான். கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்த தேயிலைக்குள் புகுந்து, மேலே சோலைக்காட்டுப் பக்கம் போய்விட்டான்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் வழியில் தாங்காதுன்னு சொல்லிவிட்டார்கள். உங்க தலையைச் சுற்றிக் கட்டு. முகம் வீங்கி யாரோ மாதிரி இருந்தீங்க. ஒவ்வொரு தடவை வார்டு கதவு திறக்கும்போதும் அவன்தான் வந்துவிட்டான்னு நான் பாப்பாவைப் புடவைக்குள் மறைப்பேன்.

எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. நீங்க பண்ணுகிற மாதிரி, ஆண்டவரோடு சண்டை பிடிக்கிற மாதிரியே பண்ணினேன். என் முதல் ஜெபம் என்ன தெரியுமா? "ஆண்டவரே, அவனைக் கொல்லு." அவ்வளவுதான். காட்டில் யானை மிதிக்கட்டும், காட்டெருமை குத்தட்டும்னு விதவிதமாகக் கேட்டேன். சாவு எப்படி இருக்கணும்னு படம் போட்டுக் காட்டினேன். அஞ்சாவது நாள் அவலாஞ்சி பக்கம் போலீஸ் அவனை உயிரோடு பிடித்தது. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்கவில்லைன்னு அன்றைக்கு அழுதேன்.

ஒன்பதாவது நாள் நீங்க கண்ணைத் திறந்தீங்க. டாக்டர் ஆள் அனுப்பினார். ஒரு நீதிபதி வந்து, எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, உங்க வாக்குமூலத்தை எழுதினார். சாகக் கிடப்பவர் சொல்வதுதான் கேஸில் பெரிய சாட்சின்னு ஒரு போலீஸ்காரர் சொன்னார். நான் வராந்தாவில் நின்றேன். பக்கத்தில் உங்க மூத்த மகன் மோசஸ், குன்னூரிலிருந்து வந்து நின்றார். "அம்மா பெத்த புள்ளைய மாட்டிவிடாது"ன்னு என் காதுபடச் சொன்னார்.

"கால் தடுக்கி விழுந்துட்டேன்"னு நீங்க ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வெளியே வருவான். வந்தால் அடுத்தது நான், அப்புறம் கிருபா.

நீதிபதி வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் உள்ளே ஓடினேன்.

"மாமி, என்னங்க சொன்னீங்க?"

"போய் தேத்தண்ணி வாங்கிட்டு வா புள்ள. சீனி கூடப் போடச் சொல்லு"ன்னீங்க.

அப்புறம் ரெண்டு நாள். துடைத்துவிட்டேன், துணி மாற்றினேன், கஞ்சி ஊட்டினேன். ஏன் சொல்லவில்லை மாமி? கடைசிக் காலையில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினீங்க. "ஜெபராஜை வச்சுக்க, ஜெபராஜைக் கைவிட்டுடாதே"ன்னு அவன் பேர்தான். பத்துத் தடவை சொல்லியிருப்பீங்க. என் பேர் ஒரு தடவைகூட வரவில்லை. அப்படியே பிடி தளர்ந்தது.

அடக்கம் முடிந்து எட்டு மாசம் கழித்து மோசஸ் லயத்துக்கு வந்தார். கேஸ் காகிதமெல்லாம் தம்பியோட வக்கீல் கையில் இருக்குன்னார்.

"அம்மா தானா விழுந்தேன்னுதான் சொல்லிருக்கு. நீயும் அப்பிடியே சொல்லிரு. செத்தவ பேச்சை நீ பொய்யாக்காத."

"ஏனுங்க, நிஜமாவா சொல்றீங்க?"

"அம்மா மேல ஆணை. அப்புறம் நீ கோர்ட்டுல மாத்திச் சொன்னீன்னா, இந்த லயத்துல நீ எப்பிடி இருக்கறேன்னு நான் பாத்துக்கறேன்."

கிருபாவின் தலையைத் தடவிக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

அவர் போனதும் நான் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பட்டப்பகல், ஆனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மஞ்சு மூட்டம். உங்க குழிமேல் நின்று கத்தினேன். என் பல்லை உடைத்தபோதும் அவன் பக்கம், சாகும்போதும் அவன் பக்கமான்னு கேட்டேன். உங்க மரச்சிலுவையை உதைத்தேன். சாயவில்லை. கல்லை எடுத்து அடித்தேன். கை கிழிந்தது, விடவில்லை. குறுக்குக் கட்டை பிய்ந்து விழுந்ததும் அதையும் மிதித்தேன். மன்னிச்சுக்குங்க மாமி. அந்த நேரம் நீங்க எழுந்து வந்திருந்தால் உங்களையே அடித்திருப்பேன்.

அதுக்கப்புறம் எனக்குள் ஒன்றுமே இல்லை. கேஸ் வாய்தா வாய்தாவாகப் போனது. ஃபேக்டரி திறக்கும்னு மாசத்துக்கு ஒரு பேச்சு வரும், திறக்காது. பிக்கட்டிப் பக்கம் சின்னத் தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து பறித்தேன். கொழுந்து கிள்ளுகிற கை அவன் கழுத்தைக் கிள்ளுகிற மாதிரியே இருக்கும்.

ஈஸ்டர் வந்தது. விடியற்காலையில் சபை மொத்தமும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்களே. நான் போகிறதாக இல்லை. கிருபாதான் "அப்பாயிகிட்ட வெளக்கு வெக்கணும்"னு அடம்பிடித்தாள். சிலுவையை உடைத்தது நான்தான்னு யாராவது சொல்வார்களோன்னு தலைகுனிந்து போனேன்.

சிலுவை நின்றது மாமி. யாரோ புதுக் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். நம்ம சபை உபதேசியார் என் கையிலிருந்த தழும்பைப் பார்த்தார். மெழுகுவத்தியை மட்டும் பற்றவைத்துக் கொடுத்தார்.

மஞ்சுக்குள் நாற்பது ஐம்பது வெளிச்சம். ஆளுக்கொரு குழியின் பக்கத்தில் நின்று பாடினார்கள். எல்லாரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி பிள்ளை காட்டெருமை குத்திச் செத்தவன். ஒருத்தர் வேலை போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்தவர். யாருக்கும் எந்தப் பதிலும் வந்து சேர்ந்திருக்கவில்லை. வேலை இல்லை, போனவர்கள் திரும்பவில்லை. ஆனாலும், வெளியூர் போனவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற மாதிரி வந்து நின்றார்கள். வருவார்கள்னு தெரிந்தவர்கள் நிற்கிற மாதிரி.

நான் உங்க குழியருகே முழங்கால் போட்டேன். நான் யோசித்துச் சொன்ன ஜெபம் இல்லை அது. "ஆண்டவரே, இந்த மாமி பொய்யே சொல்லியிருந்தாலும் பரவால்ல. செத்தவங்களை எழுப்பும்போது இவங்களையும் எழுப்பு."

அதைச் சொன்னதும் அழுகை வந்தது. கொல்லச் சொல்லி ஜெபத்தை ஆரம்பித்தவள் நான். நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த கையை எடுத்த மாதிரி இருந்தது. நீங்க சொன்னது எதுவாகவும் இருக்கட்டும், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன்னு அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடேயே நடக்க முடிந்தது.

ஊட்டி கோர்ட்டில் கூண்டேறி எல்லாம் சொன்னேன். பெல்ட், சுடுதண்ணி, பல்லு, கோடாலி. அவன் வக்கீல் என்னை அப்பனை உதறி ஓடிவந்தவள்னு சொன்னார். மோசஸ் வெளியே வந்து என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார். அன்றைக்கு வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. மறுவாரமும் விழுந்தது. உபதேசியாரும் நாலு பெண்களும் மாறி மாறி வந்து என் வீட்டிலேயே இருந்தார்கள்.

மறு வாய்தாவில்தான் உங்க வாக்குமூலத்தை வாசித்தார்கள். நான் பின்னால் பெஞ்சில் இருந்தேன்.

"நான் விழவில்லை. என் மகன் ஜெபராஜ் அடித்தான். மருமகளை அடிக்க வந்தான், நான் நடுவில் போனேன். பெத்த வயிறு எரியுது, ஆனால் இதுதான் உண்மை. அவள் பொய் சொல்ல மாட்டாள், அவள் சொல்வதை நம்புங்கள். முன்னே அவள் பல்லை உடைத்தபோது நான் சும்மா இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

ஜெபராஜ் கூண்டுக் கம்பியில் தலையை மோதிக்கொண்டான். நெற்றி உடைந்து ரத்தம் வந்தது. ரெண்டு போலீஸ்காரர்கள் இழுத்துப் பிடித்தார்கள். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, "மாமி, மாமி"ன்னு வாய்விட்டு அழுதேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லைன்னு இப்போது ஓரளவு புரிகிறது. அவனை மாட்டிவிட்டேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களால் முடிந்திருக்காது. அதனால்தான் கடைசி மூச்சு வரைக்கும் அவன் பேரையே ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தீங்க. சரிதானே?

இங்கே சேதி இதுதான். தண்டனை ஆகி அவன் கோயம்புத்தூர் ஜெயிலில் இருக்கிறான். மோசஸ் வருவதில்லை. எஸ்டேட் இன்னும் பூட்டித்தான் கிடக்கு. கிருபா ஒண்ணாவது போகிறாள். யாராவது விறகு உடைத்தால் இப்பவும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். நானும் கூடவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறேன். போன மாசம் ஞானஸ்நானம் எடுத்தேன். புதுப் பேர் வேணுமான்னு கேட்டார்கள். இந்தப் பேரில்தானே மாமிகிட்டத் திட்டு வாங்கினேன், இதுவே இருக்கட்டும்னுட்டேன்.

நேற்று அவனிடமிருந்து ஒரு லெட்டர் வந்தது. "மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வரி எழுது சாந்தா, அது போதும்"னு எழுதியிருக்கான். ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் காலைப் பிடிக்கும்போது சொல்வானே, அதே வார்த்தைகள். ஆனால் எழுத்து நடுங்கியிருக்கு. இது நிஜமான்னு எனக்குத் தெரியவில்லை மாமி. அதைப் படித்ததும் என் நாக்கு அந்தப் பல் இல்லாத இடத்தைத் தேடிப் போனது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பொய்யாக ஒரு வரி அவனுக்கு எழுத மாட்டேன். அவன் வெளியே வந்தாலும் இந்த வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்காது. ஆனால் நீங்க விட்ட இடத்திலிருந்து தினமும் அவன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவேன். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். வரட்டும். அந்த வரி எனக்குள் நிஜமாக வருகிற அன்றைக்கு எழுதுவேன். வரும்வரை காத்திருப்பேன்.

மகள்னு கையெழுத்துப் போட்டால் நீங்களே சிரிப்பீங்க. ஒரு நாளும் நீங்க என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

உங்க மருமகள்,
சாந்தாமணி