ஜெயசீலனைக் கொடுத்து கோல்கீப்பர் வாங்கியது

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. வாய் முழுக்கப் புழுதி. மதியம் ஆள் தேர்வு, திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு டீக்கடை மாடியில். எட்டு டீம், எட்டு மேலாளர்கள், ஒரே ஃபேன்.

பனியன் கம்பெனிகளுக்கான எழுவர் கால்பந்துப் போட்டிக்கு இந்த வருஷம் புது விதி. விளையாட வருகிறவர்கள் எல்லாரும் பெயர் கொடுத்துவிட வேண்டும். சீட்டு குலுக்கி, வரிசைப்படி ஒவ்வொரு மேலாளரும் ஒவ்வொரு ஆளாக எடுக்க வேண்டும். போட்டி தொடங்கும் நாள்வரை ஒருவருக்கொருவர் ஆள் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடியாது.

முதல் சீட்டு சுந்தரமூர்த்திக்கு. இனி சு. என்று மட்டும். முழுப் பெயர் எழுதி மையை வீணாக்க மாட்டேன்.

சு.வின் பிரிண்டிங் பட்டறை டீமை உண்டாக்கியதே நான். நான் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஆனாலும் ஞாயிறு முழுக்க அந்த டீமுக்குத்தான். அவர்கள் போடும் மஞ்சள் பனியன்கூட என் கையால் வெட்டியது. போன வருஷம் ஃபைனல் அன்று காலையில் வந்து சொன்னார்: "ஏனுங்க அந்தோணி, நீங்க இன்னைக்கு கேலரியில உக்காந்து பாருங்க. வெளிய நின்னு சொல்றதையெல்லாம் எங்க மாப்பிள்ள பாத்துக்குவாருங்க."

எவ்வளவு மரியாதை. அத்தனை 'ங்க'. கேலரி என்று அங்கே எதுவும் கிடையாது, செங்கல் அடுக்கு. அதில் உட்கார்ந்து என் டீம் கோப்பை வாங்குவதைப் பார்த்தேன். போட்டோவில் மாப்பிள்ளை. ஒரே ஒருவன் மட்டும் போட்டோவுக்கு நிற்காமல் என் பக்கத்தில் வந்து செங்கலில் உட்கார்ந்தான். ஜெயசீலன்.

இன்று சு. மாப்பிள்ளை பேச்சைக் கேட்டு ஜார்க்கண்ட் பையன் சோனுவை எடுத்தார். இரண்டாம் சீட்டுக்காரர் சொந்தக் கம்பெனி ஆளை எடுத்தார். மூன்றாம் சீட்டு எனக்கு, இந்த வருஷம் நான் ஆரம்பித்த பச்சை டீமுக்கு. "ஜெயசீலன்" என்றேன். சு. முகத்தில் ஈ ஆடவில்லை.

ஜூன் 9, திங்கள்

நம் பச்சை டீம் நிலவரம். ஃபார்வர்டு: ஜெயசீலன் (இனி ஜெ.), லீக்கிலேயே முதல் ஆள். பின்னால் இரண்டு பேர் நன்றாக முட்டுவார்கள், பாஸ் வராது. நடுவில் ஒரு தையல்காரர், மூச்சு வாங்கும். கோல்கீப்பர் சைமன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணைத் திறக்க வைப்பதுதான் இந்த மாச வேலை.

சம்பத் (நூல் கடை, நமக்குப் பனியன் துணி கொடுத்தவர்) கேட்டார், "கோப்பை வருமுங்களா?" கோப்பை வராவிட்டாலும் பரவாயில்லை, மஞ்சளை அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நினைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஜெ. சாப்பாட்டு நேரத்தில் வந்தான். என் ஊர்க்காரன், கடற்கரை மணலில் பந்தடித்து வளர்ந்தவன். அவன் அம்மா என்னை நம்பித்தான் திருப்பூருக்கு அனுப்பினாள். ஒரு கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் டேபிளில் நான்தான் சேர்த்துவிட்டேன். பகல் முழுக்க நின்றே வேலை.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். வலது முட்டி போயிட்டு. நேரா ஓடுனா தெரியாது. திரும்புனா உயிர் போவுது. டாக்டர் ஆறு மாசம் ஓடக்கூடாதுன்னுட்டாரு."

"கம்பெனிக்குத் தெரியுமால?"

"தெரிஞ்சா நிக்கிற வேலைக்கு வேற ஆளு போட்டுருவான்லா."

யாரிடமும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பயிற்சி. ஜெ.யை ஓரமாக நிற்கவைத்தேன். முதல் தேர்வை ஒரு முட்டியில் தொலைத்தாயிற்று. மஞ்சள் டீம் பக்கத்து மைதானத்தில். சோனு பறக்கிறான். கோல் போஸ்டில் ஒடிசாக்காரன் பிகாஷ், கை நீளம், லீக்கில் அவனைப் போல் கீப்பர் இல்லை. சு. புல்லட் மேல் சாய்ந்தபடி என் ஆட்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். கண் நின்ற இடம் ஜெ.

ஜூன் 17, செவ்வாய்

கட்டிங் டேபிளில் துணி வெட்டும்போது தோன்றியது. கரண்ட் கத்தியை நிறுத்திவிட்டேன். பக்கத்து ஆள் "கரண்ட் போச்சுங்களா மாஸ்டர்" என்றார்.

யோசித்தது:

ஜெ.யை வைத்துக்கொண்டால் என் முதல் தேர்வு பெஞ்சில். சு.வுக்குச் சிரிப்பு.

ஜெ.யை சு.விடம் தள்ளினால் சு. ஆசைப்பட்டு வாங்கிய ஆள் பெஞ்சில். எனக்குச் சிரிப்பு. கூடவே ஒரு நல்ல ஆள் என் பக்கம்.

முட்டி விஷயம் தெரிந்தது மூன்று பேருக்கு. டாக்டர், ஜெ., நான்.

ஜெ. ஓட வேண்டி வந்தால்? அவனே நிறுத்திக்கொள்வான், விவரமானவன். இதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாமளாபுரம் டீமுடன் பயிற்சி ஆட்டம். காற்று நமக்குச் சாதகம். ஜெ.யிடம் சொன்னேன்: "கோல் பக்கமே நில்லு. திரும்பாத. பந்து கால்ல வந்தா அடி, பெறவு வெளிய வந்துரு."

நேராக இரண்டு பந்து போட்டுக் கொடுத்தார்கள். இரண்டும் கோல். மூன்றாவது வருவதற்குள் வெளியே அழைத்துவிட்டேன். வேப்பமரத்தடியில் சு. கைதட்டினார். எதிரி டீம் ஆளுக்குக் கைதட்டுகிற மனுஷனா அவர்!

ஜெ. ஐஸ் வைத்துக்கொண்டு, "எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டிய? நல்லாத்தான இருந்துச்சி" என்றான். முகம் பூரித்திருந்தது. அதைப் பார்க்காத மாதிரி பனியன் எண்ணினேன்.

ஜூன் 23, திங்கள்

சு. ஃபோன். பத்து நிமிஷம் மழையைப் பற்றி. பிறகு விஷயம்.

"ஏனுங்க, ஜெயசீலன் எங்க பையனுங்க. நம்மகிட்டயே இருக்கட்டுமே. யாரு வேணும் சொல்லுங்."

"சோனு."

"அதாகாதுங்க. மாப்பிள்ள சண்டைக்கு வருவாரு."

"அப்ப பிகாஷ். எனக்குக் கீப்பர் இல்லாம தவிப்பா இருக்கு."

பிறகு கேட்டார்: "ஆளு உடம்பு சரியா இருக்காருங்களா?"

"ஞாயித்துக்கிழம நீங்களே பாத்தீங்கல்ல."

பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தார். பார்த்ததைத்தான் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

ஆள் மாற்றிக் கையெழுத்து ஆயிற்று: ஜெ. அங்கே, பிகாஷ் இங்கே. சு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகன் புண்ணியத்துல பழசெல்லாம் போகட்டுமுங்க" என்றார். போகட்டும் என்றேன். செங்கல் சூடு இன்னும் தொடையில் இருக்கிறது.

பிறகு ஜெ.யிடம் போய்ச் சொன்னேன். அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தான்.

"என்னையவா?"

"டீமுக்குக் கீப்பர் வேணும்ல. ஒனக்கும் அங்க ஒரு கொறையும் வராது."

"முட்டியப் பத்திச் சொல்லிட்டியளா அண்ணாச்சி?"

"அதெல்லாம் பேசியாச்சு."

இது பொய்.

ஜூன் 29, ஞாயிறு

மீன் கிடைத்தது, சூரை. ஞாயிறு மதியம் ஜெ.க்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, வந்த நாளிலிருந்து. இன்று வரவில்லை. வீட்டுக்காரி ஸ்டெல்லா அவனுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அந்தப் பிள்ளைய என்ன செஞ்சிய?"

"ஆள் மாத்துறது. எல்லா டீம்லயும் உள்ளதுதான்."

"முட்டி சரியில்லாதவன எதிரி கையில புடிச்சிக் குடுத்திருக்கிய. அவன் அம்மைக்கு யாரு பதில் சொல்ல?"

"ஒனக்குப் பந்தப் பத்தித் தெரியாது."

"பந்து தெரியாது. ஒங்களத் தெரியும்லா."

அவன் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அவளுக்கு நானும் சு.வும் ஏதோ ஒரே ஆள் மாதிரி தெரிகிறோம் போல. அவமானப்பட்டது யார் என்று எல்லாருக்கும் மறந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

பிகாஷ் பயிற்சி, ஷிப்ட் முடிந்து. கையும் காலும் தங்கம், ஒரே ஒரு கெட்ட பழக்கம். பெனால்ட்டி என்றால் அடிப்பதற்கு முன்பே இடதுபக்கம் விழுந்துவிடுகிறான். சு.வுக்கு இது தெரியும், நான் போன பிறகு ஒரு வருஷம் அவரிடம் இருந்தவன். ஆகவே இதை மாற்றியே ஆக வேண்டும்.

"நில்லு. பந்து கிளம்பட்டும். பெறவு போ."

"அரே மாஸ்டர், வெயிட் பண்ணா பால் போயிடும்!"

"நில்லு."

முப்பது பந்து அடித்திருப்பேன். என் கால்தான் போயிற்று. ஆனால் கடைசியில் நின்றான், பார்த்தான், பாய்ந்தான். அப்படியே கட்டிப்பிடித்தேன். சு.விடம் இருந்தபோது யாரும் இதைச் சொல்லித்தரவில்லையாம். சொல்லித்தர மாப்பிள்ளைக்குத் தெரிந்தால்தானே!

ஜூலை 6, ஞாயிறு

போட்டி தொடக்கம். நமக்கு வெற்றி, பிகாஷ் ஒன்றும் விடவில்லை. மஞ்சள் ஆட்டத்தையும் நின்று பார்த்தேன். ஜெ. பெஞ்சில். முழு ஆட்டமும் பெஞ்சில்!

ஆக, முட்டி தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய, மாற்றும் தேதி முடிந்துவிட்டது. வரும் வழியில் தனியாகச் சிரித்தேன். பஸ்ஸில் ஒரு அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி ஜெ. பெஞ்சில். மறுபடி சு. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஃபோன் இல்லை, சண்டை இல்லை. "ஏமாத்திப்போட்டீங்களே" என்று அவர் கத்துவதைக் கேட்க எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தைக்கூடத் தர மாட்டேன் என்கிறார்.

ஜெ. என் பக்கம் திரும்பவே இல்லை. முட்டியில் கட்டு. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் எல்லாரும் போக, அவன் மட்டும் காலி கோல் போஸ்ட்டுக்கு நின்ற இடத்திலிருந்தே பந்து அடித்துக்கொண்டிருந்தான். பொழுது போகவில்லை போல என்று நினைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அரையிறுதி. ஒன்றுக்கு பூஜ்யம். ஃபைனல் பச்சைக்கும் மஞ்சளுக்கும்! சம்பத் எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு ஆசை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். சட்டினி அரைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தலை வெடிக்கும்.

ஆடிக் காற்று, மேலே போன பந்தெல்லாம் வேறெங்கோ. முதல் பாதியில் சோனு ஒன்று. நாம் இரண்டு திருப்பிக் கொடுத்தோம். சு. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திருநீறு அழிந்து வழிந்தது. அதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்த சுகம் இருக்கிறதே. பிறகு சோனு மறுபடி. இரண்டுக்கு இரண்டு. நேரம் முடியப் போகிறது. நம் ஆள் ஒருவன் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் சோனுவைத் தட்டிவிட்டான். விசில். பெனால்ட்டி.

நான் பயப்படவில்லை. பிகாஷ் நிற்பான், பார்ப்பான், பாய்வான்.

அப்போது சு. கையைத் தூக்கி ஆள் மாற்றச் சொன்னார். சோனு வெளியே. ஜெ. எழுந்தான்.

ஓடவில்லை. நடந்து வந்தான், காலை லேசாக இழுத்து. பந்தை வைத்தான். பின்னால் போகவில்லை, ஒரே ஒரு அடி. அடிப்பதற்கு முன் பிகாஷைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

பிகாஷின் இடது மூலை. பெரிய வேகம் இல்லாத பந்து, கம்பத்தை ஒட்டித் தரையோடு போனது. பழைய பிகாஷாக இருந்தால் முன்பே அந்தப் பக்கம் விழுந்து கிடந்திருப்பான், பந்து தானாக அவன் மேல் வந்து முட்டியிருக்கும். இவன் நின்றான். பார்த்தான். பாய்ந்தான். விரல் நுனி தாண்டிப் போய்விட்டது.

மூன்றுக்கு இரண்டு. ஜெ. வந்த மாதிரியே நடந்து வெளியே போனான். கை தூக்கவில்லை.

பனியன்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வந்து நின்றான்.

"சொல்லுல," என்றேன்.

"அங்க போன மொத நாளே அந்த மொதலாளிகிட்ட முட்டியச் சொல்லிட்டேன், அண்ணாச்சி. ஒங்க பேரச் சொல்லல. ஒங்களுக்கே தெரியாதுன்னுதான் சொன்னேன். ஓட வேண்டாம், நின்ன எடத்துல அடிச்சுப் பழகுன்னாரு."

"பிகாஷ் நிப்பான்னு எப்படித் தெரியும்?"

"நீங்க யாரையும் அவசரப்பட விட மாட்டியளே. எனக்கும் நீங்கதான சொல்லித் தந்திய." கீழே கிடந்த பனியனை எடுத்து நீட்டினான். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஒங்க பெஞ்சுல உக்காந்து ஒங்களுக்காவ இதையேதான் அடிச்சிருப்பேன்."

சாக்கைக் கட்டியபடி, "நல்ல மொதலாளிதான் கெடைச்சிருக்காரு" என்றேன்.

"அந்தக் கோலு அவருக்காவ அடிக்கல, அண்ணாச்சி."

போய்விட்டான்.

ஜூலை 28, திங்கள்

காற்று குறைந்திருக்கிறது. வேலைக்குப் போனேன். ஒரு அடுக்கு தப்பாக வெட்டிவிட்டேன், இத்தனை வருஷத்தில் இல்லாதது.

சு. மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. முட்டி தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாரே, அதற்கும் சேர்த்து. ஜெ. மேல் கோபம் வரவழைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து முயற்சி. வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அந்த மூலையில்தான் அடித்திருப்பேன்.

ஸ்டெல்லா சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள்: "ஞாயித்துக்கெழம அவன் வரணும். நான் கூப்பிட மாட்டேன். நீங்க கூப்பிடுங்க."

டீ நேரத்தில் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தான். பின்னால் ஸ்டீம் அயர்ன் சத்தம்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். "முட்டி எப்படில இருக்கு?" என்று வந்துவிட்டது.

ஸ்டீம் இரண்டு தடவை சீறியது.

"வேலையில இருக்கேன் அண்ணாச்சி," என்றான். வைத்துவிட்டான்.

நின்றுகொண்டேதான் பேசியிருப்பான்.