கையெழுத்து வைத்த வீதி

ரண்டர்ஸ், டென்மார்க்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் துஷாராவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், ரொறன்ரோவில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைவு, திரும்பவும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார். நீ போனில் கேட்ட மண்டப விஷயத்தை ஆறுதலாக எழுதுகிறேன், பயப்படாமல் வாசி.

எங்கள் சபை ஞாயிறு ஆராதனைக்கு ஊர் மண்டபத்தைக் கேட்டிருந்தது. அதைத் தடுக்க, வெளிநாட்டவர் வேண்டாம் என்கிற ஒரு அமைப்பு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது. எங்களுக்குக் கீழ் மாடியில் இருக்கும் டெனிஷ் பெண் கிர்ஸ்டன் மண்டபக் குழுவில் இருக்கிறாள், பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், நூற்றுப் பன்னிரண்டு பேராம், ஆனால் டெனிஷ்காரரும் நாங்களும் கலந்திருக்கிற எங்கள் மாடிவீடுகளில் ஒருவர்கூட வைக்கவில்லையாம், அநேகமாக எல்லாம் ரயில் பாதைக்கு அப்பால் உள்ள புது வீதியாம். அங்கே ஒரு வெளிநாட்டுக் குடும்பமும் இல்லை. எங்களோடு பழகாதவர்களிடம்தான் எங்களைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தேன், முப்பது வருஷமாக நாங்களும் எங்கள் ஆட்களோடு மட்டும்தானே கூடிக் கொண்டாடினோம். அப்பா, "கையெழுத்து வைச்ச ஆக்களிட்டையே நேர போவம், வாரும்" என்றார்.

பதினான்கு வீடு தட்டினோம். ஐந்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அதில் ஒருவர் கத்திய கத்தலில் நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தது உண்மை. எட்டு வீட்டில் வாசலிலேயே நின்று நாங்கள் சொன்னதைக் கேட்டார்கள். பிர்கித என்ற ஆசிரியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தாள். மண்டபத்தில் ஆடு வெட்டுவீர்களா என்று கேட்டாள், துண்டுப்பிரசுரத்தில் அப்படி இருந்ததாம். அப்பா சிரிக்கவில்லை, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

வியாழக்கிழமை மண்டபக் குழுவின் கூட்டத்தில் அமைப்பின் தலைவர், வேறு பட்டணத்து ஆள், அந்த வீதி முழுவதும் எங்களை எதிர்க்கிறது என்று பேசினார். பிர்கித எழும்பி, "நானும் கையெழுத்து வைச்சனான். அது இவையோட கதைக்கிறதுக்கு முதல். என்ர பேரை வெட்டுங்கோ" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் எழும்பித் தங்கள் பெயரையும் வெட்டச் சொன்னார்கள். ஏழுக்கு ஐந்து வாக்கில் மண்டபம் கிடைத்தது, இன்று காலை அங்கே எங்கள் முதல் ஆராதனையும் நடந்தது. நேற்று அந்த அமைப்பு ஸ்டேஷன் முன்னால் கொடியோடு நின்றது, பாதிப் பேர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். இலேசில் விடமாட்டார்கள், ஆனால் எனக்கு இப்போது பயமில்லை.

உங்கள் தெருவில் முழுக்க எங்கள் ஆட்கள், வசதிதான், ஆனாலும் பிள்ளைகள் மற்றவர்களின் வீட்டிலும் போய் விளையாடட்டும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சனிக்கிழமை எங்களுக்குப் போன் பண்ணாதே பிள்ளை, அந்த வீதியில் இன்னும் இருபது வீடு தட்டவில்லை.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா