பொட்டு வைத்த ஸ்டியரிங்

அக்கா,

திரும்பத் திரும்ப சோப்புப் போட்டும் என் வலது கையில் ஸ்டியரிங் ஆயில் வாசம் போகவில்லை. ஒர்க் ஷாப்பில் கழற்றிப் போட்டிருந்த பழைய பாகத்தைத் தொடாமல் வந்திருக்கலாம். தொட்டுவிட்டேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது என் கையை முகர்ந்து, "அம்மா, பெரிம்மா வாசம்" என்றாள். எழுந்து போய் ஸ்பூன் எடுத்து வந்தேன். அவள் தூங்கிவிட்டாள். நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னோடு காரில் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வாசம் இது. டிக்கியில் பழைய துண்டு சுற்றிய ஆயில் பாட்டில் எப்போதும் இருக்கும். திருப்பும்போது ஸ்டியரிங் முனகினால் ஓரங்கட்டுவாய், பானெட்டைத் தூக்கி ஊற்றுவாய், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அதே கையால் பாப்பாவுக்கு முறுக்கு எடுத்துக் கொடுப்பாய். "ஒர்க் ஷாப்ல காட்டினா என்ன?" என்று கேட்டால், "அது குடிக்கறதக் குடிச்சுப்போட்டு ஓடுது. உனக்கென்ன கண்ணு?" என்பாய். அன்றெல்லாம் எனக்கும் சிரிப்புதான் வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். கோபியில் அம்மா சர்ச்சில் உனக்காகப் பூசைக்குச் சொல்லியிருக்கிறாள். முட்டி வலியோடு அவளால் போத்தனூர் வரமுடியாது, நாங்கள்தான் போகவேண்டும். பாப்பாவுக்குப் பஸ் ஆகாது. அவிநாசி வருவதற்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவாள். இவருக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. வாசலில் உன் கார் நிற்கிறது. ஆனால் அந்தக் காரில் பாப்பாவை ஏற்றுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

உனக்கு இது தெரியாது, சொல்கிறேன். நீ போன பிறகு, "அவ வண்டி வாசல்ல நிக்கறதப் பாக்க முடியல அம்மணி, நீ எடுத்துட்டுப் போயிரு" என்று மாமா சாவியை என் கையில் வைத்துவிட்டார். நானும் உன் மாதிரியே ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். போன மாதம் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது, ரயில்வே பாலத்துக்குக் கீழே திரும்புகிற இடத்தில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாக இறுகிவிட்டது. உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தேன். வண்டி பாதிதான் திரும்பியது. எதிரே வந்த பஸ் கிறீச்சென்று நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, ஊட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கத்தினார். பின்சீட்டில் பாப்பா ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாட்டை நிறுத்தவே இல்லை. அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அன்று முதல் அவளுக்கு ஆட்டோ. ஆட்டோக்காரர் பிரேக் போடும் விதத்தையும் நான் கவனித்துக்கொண்டே வருவேன். உனக்குச் சிரிப்பு வரும். நீ தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத நாளிலிருந்து எனக்கு எந்தச் சத்தமும் சின்னச் சத்தமாகக் கேட்பதில்லை அக்கா. பாப்பா இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். குக்கர் விசில் கொஞ்சம் தாமதமானாலும் போய்ப் பார்க்கிறேன்.

பூசைக்குப் போக வேறு வழி இல்லாமல் இந்த வாரம் காரை ஒர்க் ஷாப்பில் விட்டேன். ஒர்க் ஷாப்காரர் அதைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, "ரேக் போயிருச்சுங்க. முழுசா மாத்தோணும்" என்றார். நான் விடவில்லை. ரேக் என்றால் என்ன, அது அறுந்தால் என்ன ஆகும், புதிது மாட்டினால் மறுபடி இறுகாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கீழே ஒரு சின்னப் பல்சக்கரம் சுற்றும். அது பல் வெட்டிய நீளமான தண்டை இடமும் வலமும் தள்ளும். அந்தத் தண்டுதான் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. ஆயிலின் அழுத்தம் இருப்பதால்தான் நம் கைக்கு அது லேசாகத் தெரிகிறது. "ஒட்டுப் போட்டதெல்லாம் வேண்டாமுங்க, புதுசுதான் வேணும். பிரிக்காத பெட்டியா எங்கிட்டக் காட்டுங்க" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க கூட இத்தன கேள்வி கேக்க மாட்டாங்க அம்மணி" என்றார்.

இன்று மதியம் போனபோது பழைய ரேக் தரையில் கிடந்தது. அதன் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அவர் அதைக் கத்தியால் கீறினார். கருஞ்சிவப்பாக ஆயில் கொட்டியது. நம் வாசலில் சொட்டியதெல்லாம் சில துளிகள்தான். உள்ளே இத்தனை நிறைந்திருந்திருக்கிறது. நான் குனிந்து தொட்டது அப்போதுதான். நீ மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு, "அதுவா போயிரும் விடு" என்று சொன்ன தலைவலிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. உன் மேல் கோபம் வந்தது. உன் மேல் கோபப்பட்டு எத்தனை நாளாயிற்று!

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லவேண்டும்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் நீ ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. ஒரு மழைநாளில் பெரிய குழியில் இறங்கி ஏறியதிலிருந்து உன் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நின்றால்தான் சக்கரம் நேராக ஓடும். சரி செய்யச் சொன்னால், "வண்டி நேரா போகுதில்ல? வளையம் எப்படி நின்னா என்ன?" என்றாய். நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து, அப்படிச் சாய்ந்து நிற்கும்போது வளையத்தின் உச்சி எதுவோ அங்கே ஒட்டினாய். பொட்டு மேலே இருந்தால் சக்கரம் நேர், அதுதான் உன் கணக்கு. கிளம்பும் முன் அதன்மேல் கட்டைவிரலால் சின்னதாகச் சிலுவை போடுவாய். "பொட்டுக்கு மேலயே சிலுவையா?" என்று அம்மா கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும் மா" என்றாய். நானும் இந்த ஒரு வருஷமாகச் சிலுவை போட்டு, பொட்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன்.

இன்றும் பொட்டை உச்சிக்குக் கொண்டுவந்து சிலுவை போட்டேன். மெதுவாகத்தான் நகர்த்தினேன். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு டயர் அடுக்கைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்துக் கத்திவிட்டேன்.

"ரேக்கைத் தப்பா மாட்டிட்டீங்க! ஒரே பக்கமா இழுக்குது! எங்கொழந்தைய வெச்சு ஓட்டற வண்டிங்க இது!"

அவர் ஓடி வந்தார். சன்னல் வழியாக என் கைகளைப் பார்த்தார்.

"வண்டி இழுக்கலீங்க, நீங்கதான் இழுக்கறீங்க. ஏனுங்க அம்மணி இப்படிக் கோணயாப் புடிச்சிருக்கீங்க?"

என் கைகளை நானே பார்த்தேன். பொட்டு உச்சியில் இருந்தது. வளையம் சாய்ந்திருந்தது. ரேக்கை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, வளையத்தையும் சக்கரத்தையும் அவர் ஒரே நேருக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளையத்தை நேராக்கினேன். பொட்டு வலப்பக்கம் இறங்கி நின்றது. நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அவர் என்ன நினைத்தாரோ, "தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

கொஞ்சம் கழித்து, "அந்தப் பொட்ட எடுத்துப்போடட்டுங்களா? இனி அது தேவப்படாதுங்க" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பிறகு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தப் பாலத்துக்குக் கீழே போனேன். போய்த் திரும்பி, மறுபடியும் போனேன். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. இவ்வளவு லேசாகத் திரும்புகிறதே என்று அதற்கும் ஒரு பயம். பள்ளி விடும் நேரமாகிவிட்டது. வழக்கமான ஆட்டோக்காரர் பள்ளி வாசலில் காத்திருந்தார். "இன்னைக்கு வேண்டாமுங்கண்ணா" என்று சொல்லி அனுப்பினேன். பாப்பாவைப் பின்சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டேன், இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்துப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்து, "அம்மா, பெரிம்மா பொட்டு சரிஞ்சு போச்சு. மேல வெச்சு உடு" என்றாள்.

"அது அங்கயே இருக்கட்டும் கண்ணு."

பாலம் வந்தது. அவள் பாடத் தொடங்கினாள். அதே பாட்டு. திரும்பினேன். எதிரே வந்த பஸ் அதன் பாட்டுக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அந்த வண்டியே வேண்டாம் சாமி, பஸ்லயே வா. புள்ள வாந்தி எடுத்தா எடுக்கட்டும், அது நின்னுபோகும்" என்றாள். "கார்லதான் வாரேன் மா" என்றேன். அம்மா பஸ்ஸில் வரச் சொல்லும்போதெல்லாம் நீ சொல்வது போலவே சொல்லிவிட்டேன் என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

பயம் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். அவிநாசியில் ஒருமுறை, நம்பியூரில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பேன். துண்டு சுற்றிய பாட்டிலை டிக்கியிலிருந்து எடுத்துவிட்டேன். இனி எதையும் ஊற்றிச் சமாளிக்கப் போவதில்லை. எனக்கும் கொஞ்ச நாளாகத் தலை வலிக்கிறது. திங்கட்கிழமை டாக்டரிடம் போவதாக இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கை பழகவில்லை அக்கா. இன்று சாயங்காலம் நேரான சாலையில் வரும்போது என் இரண்டு கைகளும் தானாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் வளையத்தை நேராக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் உன் பொட்டு உச்சியை விட்டு இறங்கி, வலது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வந்து நின்றது.