ஏழாவது மாடிக்கு ஒரு சைக்கிள்

நேற்று மாலை சமையலறையில் நின்ற எனக்கு மண்ணெண்ணெய் வாடை வந்தது. "என்னங்க, அதைக் கொஞ்சம் வெளியில வச்சுச் செய்யக் கூடாதா" என்று வாய் வரை வந்துவிட்டது. அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. வாசலில் உட்கார்ந்து சங்கிலி துடைத்துக்கொண்டிருந்தது நம் மகள். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறாள். கனமாக இருக்கிறதாம், லேசான பாகங்கள் விற்கிற விலைக்குத் தலை சுற்றுகிறதாம். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் தராசில் அதைத் தொங்கவிட்டு, வந்த எண்ணைப் பார்த்து உங்களைப் போலவே உதட்டைப் பிதுக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில், தோ பாயோவில் நமக்குக் கிடைத்த வீடு ஏழாவது மாடியில். லிஃப்ட் ஐந்தில் நிற்கும், அதை விட்டால் ஒன்பதில்தான். கீழிருந்து ஏற்றினாலும் மேலிருந்து இறக்கினாலும் இரண்டு மாடி தூக்க வேண்டும். கீழே பூட்டி வைத்த முதல் சைக்கிளை யாரோ கொண்டுபோய்விட்டதால், இரண்டாவதை, அந்தக் கறுப்பு எருமையை, ஒவ்வொரு ஞாயிறும் தோளில் போட்டு வீடு வரை கொண்டுவருவீர்கள். ஜூரோங் கப்பல் பட்டறையில் சாரம் சரிந்து நீங்கள் விழுந்து முதுகில் அடிபடும்வரை, அதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

அடிபட்டபின் உங்களைப் பட்டறையின் சாமான் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் நீங்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டீர்கள். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்வதில்லை. சைக்கிளில் சுற்றிவிட்டு வந்த ஞாயிறு மட்டும் கடலைப் பற்றி, காற்றைப் பற்றி நாலு வார்த்தை வரும். அந்த நாலு வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள் படியேறி வருவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"வலியில்லாம தனியாத் தூக்கிட்டு வர முடிஞ்சா வச்சுக்குங்க. இல்லன்னா வித்துடலாம்" என்றேன்.

நீங்கள் வாதாடவில்லை. "கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடு. கனத்தக் கொறச்சுக் காட்டுறேன்" என்றீர்கள்.

ஆரம்பித்தது கூத்து. ஸ்டாண்ட் போனது, சங்கிலி மூடி போனது, மட்கார்டு இரண்டும் போயின. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் ஓர் அலுமினியக் கைப்பிடியும் ஒல்லியான சீட்டும் வாங்கினீர்கள். பேரம் பேசியது நான்தான் என்பதைக் கடைசிவரை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழையில் போய், முதுகெல்லாம் சேறு தெறித்து வந்த சட்டைகளைத் துவைத்ததும் நான்தான்.

தேக்காவில் நாம் வாடிக்கையாக அரிசி வாங்கும் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை அதில் நிறுத்துப் பார்த்திருந்தோம். எல்லாம் கழற்றியபின் மறுபடியும் கொண்டுபோய் ஏற்றினோம். முள் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே போய் நின்றது. உங்கள் முகம் வாடிவிட்டது. கடைக்காரர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, கைப்பிடியில தொங்குற பையை எடுத்துட்டு நிறுங்க லா. அதுவும் சைக்கிளோட சேர்ந்ததா?"

தேங்காயும் வெங்காயமும் ஒரு பெரிய பூசணிப் பத்தையும். நான் வாங்கி மாட்டியவை. அடிபட்டபின் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு அது கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

கடைசியில் மிஞ்சியது பின்னால் இருந்த இரும்புக் கேரியர். "அதையும் கழட்டுங்க, அதுதான் பெரிய கனம்" என்றேன். "அது கெடக்கட்டும். நீ எங்க உக்காருவ?" என்றீர்கள். போலீஸ் கண்ணில் படாத சின்னத் தெருக்களில் கொஞ்ச தூரம்தான் என்னை ஏற்றிப் போவீர்கள். அதற்காக இத்தனை இரும்பா என்று திட்டினேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஐந்தாவது மாடியில் சைக்கிளைத் தோளில் ஏற்றினீர்கள். நான் நம் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது மாடியைத் தாண்டிவிட்டீர்கள். அதற்கு மேலே படி திரும்பும் இடத்தில் சைக்கிளை இறக்கி வைத்து, சுவரில் கை ஊன்றி நின்றீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"முடியல. வித்துடலாம்."

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"முன்னால புடிங்க."

"தனியாத்தானே தூக்கணும்னு சொன்ன?"

"சொன்னவ நான்தானே? இப்ப வேற மாதிரி சொல்றேன். தூக்குங்க."

அதற்கப்புறம் எத்தனையோ வருடம், ஞாயிறானால் ஐந்தாவது மாடியில் நின்று என்னைக் கூப்பிடுவீர்கள். முன்னால் நீங்கள், பின்னால் நான். முன்னால் போகிறவருக்கு என் முகம் தெரியாது. அதனாலோ என்னவோ, வீட்டுக்குள் பேசாததையெல்லாம் அங்கே பேசினீர்கள். சாரம் சரிந்தபோது உங்கள் கையைப் பற்றியிருந்த நண்பர் நழுவிப் போனதையும், பிடியை விட்டது நீங்கள்தானோ என்று தூக்கம் கெட்டுக் கிடந்ததையும் அந்தப் படிகளில்தான் முதன்முதலாகச் சொன்னீர்கள். "நீங்க விடலங்க" என்று நான் சொன்னேன். படி திரும்பும் இடத்தில் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு, மறுபடி தூக்கினீர்கள்.

இப்போது லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது. இந்த அடுக்குமாடி புளோக்கில் எல்லாருக்கும் நிம்மதி, என் முழங்காலுக்கும்தான். ஆனாலும் தனியாக வருகிற நாளில் நான் ஐந்தில் இறங்கிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா பார்த்துக் கேட்டால் உடற்பயிற்சி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லிக்கொண்டே மெதுவாக ஏறுவேன். படி திரும்பும் இடம் வந்ததும் நின்று, நீங்கள் பதில் சொல்லும் அளவுக்கு நேரம் விட்டு, அப்புறம் மிச்சப் படிகளை ஏறுவேன்.