ஒரே ஸ்டென்சிலில் இரண்டு பாம்பு

மண்ணூர், 1991

என் தனக்கா,

நீ போய் எட்டு மாசம் ஆச்சு. தினமும் உன் படத்துக்குப் பூ வைக்கிறேன், ஆனா வாயைத் திறந்து ஒண்ணும் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்றேன். நாலு பேர் படிக்கட்டும்னுதான் எழுதறேன்.

ஊரெல்லாம் "அவ விதி"ங்குது. மேஸ்திரி, "உஷாரா இருந்திருக்கணும்"ங்கிறான். அதெல்லாம் இல்லக்கா. உன்னைக் கடிச்சது பாம்பு. கடிக்க வுட்டது நான்.

ஒரகடத்துல வரப்போற கம்பெனிக்கு முள்ளுக்காடு வெட்டப் போனீங்களே, அப்ப மேஸ்திரி எங்கிட்ட ஒரு தகர போர்டு குடுத்தான். மேல விஷப் பாம்பு, கீழ விஷமில்லாத பாம்பு போடணும். படிக்காதவங்களும் பார்த்த உடனே புரிஞ்சுக்கணும்னான். கடைப்பேரு எழுதற கை எனக்கு. பாம்புத் தோலை நான் எங்கே பார்த்தேன்? மீனுக்குப் போடற மாதிரி வளைவு வளைவா செதில் போட்டேன். கண்ணாடி விரியனோட புள்ளிக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி ஸ்டென்சில் பண்ணேன்.

சாயங்காலமே போர்டு வேணும்னு நின்னான். கீழே விஷமில்லாத மண்ணுளிப் பாம்புக்கும் புள்ளி போடணும். அவசரத்துல அதே ஸ்டென்சிலை வெச்சு அடிச்சுட்டேன். வித்தியாசம் தெரியட்டும்னு விரியனைச் சீற வெச்சேன், மண்ணுளியைச் சுருண்டு படுக்க வெச்சேன். பேரைப் பக்கத்துல எழுதிட்டேன். உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?

உன்னைக் கடிச்ச அன்னைக்கு விரியன் சுருண்டு படுத்துக் கிடந்துச்சு.

உன்கூட வேலை செஞ்ச அஞ்சலை சொன்னா. "தள்ளி நில்லு தனம்"னு அவ கத்தினாளாம். நீ சிரிச்சியாம். "ஏய், இது மண்ணுளிடி. என் தம்பி போர்டுல போட்டுக்கீறான் பாரு, அதே புள்ளி. பாவம், வெட்டாத"ன்னு சொல்லிட்டுக் கூடையில அள்ளி ஓரமா வுடப் போனியாம். அஞ்சலை இதைச் சொல்லும்போது நான் தலையாட்டிக்கினே கேட்டுட்டு நின்னேன். நான் எல்லாம் ஒரு மனுஷனா?

காரியம் முடிஞ்ச மறுநாளே அந்த போர்டுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சேன். அப்புறம் பென்சிலை எடுத்தேன். லாரி ஏறின விரியன் ஒண்ணு ரோட்டோரம் கிடந்துச்சு, தூக்கிட்டு வந்து தட்டுல வெச்சு வரைஞ்சேன். உன்னைக் கொன்ன ஜாதி.

அதோட செதில் மீன் செதில் மாதிரி இல்லவே இல்லக்கா. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நெல்லு முதுகு மாதிரி ஒரு வரம்பு ஓடுது. அந்த வரம்புல மட்டும் வெளிச்சத்தை வுட்டு ரெண்டு பக்கமும் நிழல் குடுத்தாத்தான் அந்தச் சொரசொரப்பு வருது. முதுகுல சின்னதா இருக்கிற செதில் வயித்துப் பக்கம் போகப் போகப் பெருசாகுது. புள்ளி மூணு வரிசையா, சங்கிலி கோத்த மாதிரி. அப்புறம் வயல்ல ஒரு மண்ணுளியையும் கிட்டப் போய்ப் பார்த்தேன், அதுக்கு அப்படி இல்ல, கோணல் மாணலா ஒண்ணோட ஒண்ணு ஒட்டின திட்டு. ஒரு தடவை பக்கத்துல பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்.

முந்தாநாள்தான் ரெண்டு பாம்பையும் ஒரு புது போர்டுல வரைஞ்சு முடிச்சேன். பக்கத்து வூட்டு அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஐயோ, இன்னாடா உசுரோட கீது!"ன்னு பின்னாடி போயிட்டாங்க. எட்டு மாசத்துல அன்னைக்குத்தான் நிம்மதியா சோறு துன்னேன்.

அந்த நிம்மதி ஒரு நாள்தான். உன் பொண்ணு கலா படப்பைப் பக்கம் புது சைட்டுல காடு வெட்டப் போறா. வேணாம்னேன், கேட்கல, உன் பிடிவாதம் அப்படியே. இன்னைக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தவ சந்தோஷமா சொன்னா: "மாமா, நீ போட்ட போர்டு எங்க சைட்லயும் வெச்சுக்கீறாங்க. அதே மண்ணுளி, அதே புள்ளி. இனிமே எனக்குப் பாம்புன்னா பயமே இல்ல."

அப்பவே மேஸ்திரிகிட்ட ஓடினேன். நீ இருந்தப்பவே என் போர்டைப் பார்த்து இன்னொரு பெயிண்டரை வெச்சு நாலு போர்டு போட்டானாம். அந்த ஆளுக்கு ஸ்டென்சிலைக் குடுத்தது நான்தான், மறந்தே போயிட்டேன். மத்த மூணும் எந்தெந்தக் காட்டுல நிக்குது? "ஞாபகம் இல்லப்பா, இப்ப இன்னா அவசரம்?"ங்கிறான்.

நாளைக்குக் காலையில கலா ஏறுற பஸ்ல நானும் ஏறுவேன். ஒரு கையில கறுப்பு பெயிண்ட், ஒரு கையில புது போர்டு. அவ காட்டுக்குள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு போர்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டி, அம்மாவைக் கொன்னது எதுன்னு என் வாயாலயே சொல்லிடுவேன். அதுக்கப்புறம் அவ என்னை மாமான்னு கூப்பிடலன்னாலும் சரி. மத்த மூணையும் தேடி அழிக்கிற வரைக்கும் இந்தக் கையால ஒரு கடைப்பேரும் எழுத மாட்டேன்.

அது வரைக்கும், நான் போய்ச் சேராத அந்த மூணு காட்டுலயும், யாரும் பாம்பை அள்ளக் குனியாம நீ பார்த்துக்கோக்கா.

நீ நம்பின தம்பி,
ஏழுமலை