கேட்டு எழுதிய பூச்சியம்

நீ சுருட்டி வைத்திருந்த வரைபுத்தாளை இன்று விரித்தேன். பூச்சி உருண்டை வாசம் மேசை முழுதும் பரவிற்று. நாற்பது வீடுகளுக்கு நாற்பது நிரை, நாற்பது நிரல். எந்த வீடு எந்த வீட்டுக்கு உதவுகிறதோ அந்தக் கட்டத்தில் ஒன்று, மற்றதெல்லாம் பூச்சியம். பக்கத்தில், நம் கட்டுரையை அனுப்பிய ஆய்வுச் சஞ்சிகையிலிருந்து வந்த கடிதம். தொடர்பே இல்லாத வீடுகளை நீக்கிவிட்டால் நம் கணித மாதிரியுரு தரவுக்கு நன்றாகப் பொருந்துமாம்.

இதையே முன்பு நம் மேற்பார்வையாளர் சொன்னபோது, "செருப்புக்காகக் காலைத் தறிக்கச் சொல்றார், மச்சி" என்றாய்.

நாம் வீடுவீடாய்க் கணக்கெடுத்த வரிப்பத்தான்சேனையில் அந்தப் பகல் எனக்கு மறக்கவில்லை. "வேறு எந்த வீட்டாரிடம் உதவி பெறுவீர்கள்?" என்று தாளில் இருந்ததை நான் வாசித்தேன். "ஒருத்தருமில்ல" என்றார் அந்த வீட்டுப் பெண், நாம் ராத்தா என்று அழைத்தவர். பென்சிலால் பூச்சியம் போட்டேன். அந்நேரம் வேலியில் பிரித்துவிட்டிருந்த பொட்டுக்குள்ளால் ஒரு பெண் நுழைந்து, குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு வயலுக்குப் போனாள்.

"இது ஆருட புள்ள?" என்று நீ கேட்டாய்.

"தங்கச்சிட."

"அப்ப ஒரு ஊடு இருக்குதானே?"

"என்ன புள்ள கதைக்கிறீங்க! அது உம்மாட வளவு. வேற ஊடெண்டா ரோட்டுக்கு அங்கால. படிச்ச ஆக்கள் வேலியத்தான் எண்ணுவீங்களா?"

தாயின் வளவுக்குள்ளேயே பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஊரில் பிறந்த நானே அந்தக் கேள்வியை எழுதியிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நீ விடவில்லை. தொடர்புகள் இவ்வளவு ஐதான, பூச்சியமே நிறைந்த வலையமைப்பில், உதவி கிடைக்க ஊர் முழுவதற்கும் ஒரே நிகழ்தகவு என்பது பிழை. ஒரு வளவுக்குள் ஒன்று, வளவுக்கு வளவு வேறொன்று என்றாய். அதற்கு முதல் எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகவேண்டும். "பூச்சியமெண்டாலும் கேட்டுட்டு எழுதணும்."

இருபத்திரண்டு வீடு முடிந்தபோது நீ நோயில் படுத்தாய். பிறகு எழும்பவில்லை.

நேற்று இருபத்துமூன்றாவது வீட்டுக்குத் தனியே போனேன். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய பெண். அக்கா தங்கை அருகில் இல்லை. நேற்று பிள்ளையை யார் பார்த்தது, நெல்லை யார் குத்தியது என்று நீ கேட்கிற மாதிரியே ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.

"நான்தான், எல்லாம் நான்தான். இந்த மாசம் படலையத் திறந்து வந்தது நீங்க மட்டும்தான், டீச்சர்."

பூச்சியத்தை மையால் எழுதினேன். அந்த வீட்டை நீக்க முடியாது என்று சஞ்சிகைக்குப் பதில் போட்டுவிட்டேன், நம் இருவர் பெயரிலும்.

இன்னும் பதினேழு வீடு. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.