மாமனார் கிணற்றுத் தண்ணீர்

1939 ஜூன் 4, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட வேண்டும். கேட்ட பினாயில் இன்னும் வரவில்லை.

மேலாபீஸ் கடிதம். புதிதாக வரப்போகும் கல்லூரிக்கும் விடுதிக்கும் இரண்டு இடம். தண்ணீர், காற்று, கொசு எல்லாம் பார்த்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்ற முறையில் நான் ரிப்போர்ட் தர வேண்டுமாம். ஒன்று, திருவரங்குளம் பக்கம் செம்புறாங்கல் மேடு. இன்னொன்று, அன்னவாசல் பக்கம் ஒரு தோப்பு. தோப்பை இனாமாகத் தருபவர் என் மாமனார். நன்றாக வந்து மாட்டினேன்.

ஜூன் 5, திங்கள்

மேடு பார்த்தேன். நல்ல காற்று. கொசு இல்லை. ஆழக் கிணறு, கயிறு போட்டுத்தான் இறைக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் உப்பு. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தலை வெடித்துவிட்டது.

ஜூன் 6, செவ்வாய்

இடம் பார்க்க வந்த கல்லூரிக் கமிட்டிக்குத் தோப்பில் விருந்து. மாமனார் தம் கிணற்றுத் தண்ணீரிலேயே சமைக்கச் சொல்லியிருந்தார். "மாப்பிள்ளை, பருப்பு எப்படி வெந்துருக்கு பாருங்க! இதவிட நல்ல தண்ணி எங்கிட்டு இருக்கு?" கமிட்டிக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் இரண்டு தரம் சாம்பார் வாங்கினேன்.

கை கழுவக் கிணற்றுக்குப் போனேன். படிக்கிணறு. ஒருத்தி முழங்கால் தண்ணீரில் நின்று குடம் முக்குகிறாள். காலில் துணிக்கட்டு.

"என்னம்மா அது?"

"நரம்புச் செலந்திங்க. புழு வெளிய வந்துக்கிட்டு இருக்கு. வருசா வருசம் யாருக்காச்சும் வாரதுதானே."

தண்ணீரைத் துண்டில் வடிகட்டிப் பார்த்தேன். பொடிப்பொடியாகப் பூச்சி துள்ளுகிறது. படியில் இறங்குகிறவர் புண்ணிலிருந்து புழுக்குஞ்சு தண்ணீருக்கு, அங்கே இந்தப் பூச்சிக்குள், பூச்சியோடு குடிப்பவன் வயிற்றுக்கு. பருப்பு வெந்தால் போதுமா? (சாம்பார் கொதித்ததுதான். எனக்குப் பயமில்லை.)

ஜூன் 7, புதன்

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. தோப்பு உகந்தது என்றால் விடுதிப் பிள்ளைகள் கால் போகும். ஆகாது என்றால் மாமனார் முகத்தில் விழிக்க முடியாது.

மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த செல்லம்மாளிடம் சொன்னேன். பிறந்த வீட்டைச் சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். தழும்பு.

"பத்து வயசுல. மூணு மாசம் நடக்க முடியல. எழுதுங்க. அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கிறேன்."

ஆறு வருஷக் குடித்தனம். அந்தத் தழும்பைப் பார்க்காத ஆள் ஊர்க் கிணறெல்லாம் சோதிக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அவள்மேல் பிரியமாகவும் இருந்தது.

எழுதிவிட்டேன். மேடு சரி, தோப்பு கூடாது.

ஜூன் 8, வியாழன்

அவள் பஸ்ஸில் ஊருக்குப் போய் வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"கேட்டுட்டு எந்திரிச்சுப் போனாக. கெணத்தடியிலயே உக்காந்திருந்தாக."

பினாயில் வந்தது. மூடி உடைந்து பாதிதான்.

ஜூன் 10, சனி

காலையில் தூறல். மண் வாசனை. மாமனார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார், ஒரு கூடை மாம்பழத்தோடு. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், என் பக்கம் திரும்பவே இல்லை. மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஆத்தா, அந்தப் படிய இடிச்சு அடைக்க எத்தன கொத்தனாரு வேணும்னு ஒம் புருசன்கிட்ட கேளு."